சிவப்புப் பட்டை ஜன்னல்

சாமிதுரை முதலில் கேமராவின் மேல் தன் துண்டைப் போட்டான். அப்புறம் ஆபீஸ் கதவைத் தாழிட்டான். அதற்கப்புறம்தான் வேல்விழியின் பின்னலைப் பிடித்து இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான். ஆள் பார்க்க முரடன் மாதிரி இருப்பானே தவிர, செய்கிற காரியத்தில் வரிசை தப்ப மாட்டான். அவனிடம் பயப்பட வேண்டியதே அதற்குத்தான்.

"நாலு மணிக்கு போலீசு வருது. இப்ப மணி மூணு. பன்னெண்டாந்தேதி ஃபைல அழி."

வேல்விழி ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். தினமும் பஸ் பிடித்து விருத்தாசலம் வந்து, செராமிக் எஸ்டேட்டில் சொர்ணாம்பாள் செராமிக்ஸ் என்ற கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். பீங்கான் ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்கிற இடம். முதலாளி ராஜ்மோகன் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அவருடைய மச்சான் சாமிதுரைதான் மேனேஜர். அவன் வைத்ததுதான் அங்கே சட்டம்.

பன்னிரண்டாம் தேதி நடந்தது மூன்றே பேருக்குத் தெரியும். ஒருவன் அடித்தவன். இன்னொருவன் அடிபட்ட கொளஞ்சி. அவன் மண்டையும் தொடையும் உடைந்து, தாடையில் கம்பி கட்டி, வாய் திறக்க முடியாமல் கடலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மூன்றாவது ஆள் வேல்விழி.

கொளஞ்சி பதினெட்டு வருஷமாகச் சூளையில் நிற்கிறவன். அன்று காலையில் சரக்கு ஏற்ற லாரி வந்து நின்றுவிட்டது, சூளையோ இன்னும் ஆறவில்லை. கதவைத் திற என்று குதித்தான் சாமிதுரை. "இப்ப தொறந்தா அம்புட்டும் வெடிச்சிப் பூடுங்க, சாயங்காலம் வரைக்கும் பொறுங்க" என்றான் கொளஞ்சி. சாமிதுரையா பொறுப்பான்? தானே போய்த் திறந்தான். வெளிக்காற்று பட்டதுதான் தாமதம், டிக் டிக்கென்று ஒரு டிராலி சரக்கும் விரிசல் விட்டது. "நான் அப்பவே சொன்னன்" என்றான் கொளஞ்சி. அவ்வளவுதான் சொன்னான். சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, டிராலி இழுக்கிற இரும்புக் கம்பியோடு வந்தான் சாமிதுரை.

முதல் அடி தோளில் விழுந்தது. கொளஞ்சி ரத்தம் ஒழுக ஒழுகப் பேக்கிங் ஷெட்டைத் தாண்டி ஆபீசைப் பார்த்து ஓடிவந்தான். வாசலில் வேல்விழி நின்றிருந்தாள். "பாப்பா!" என்று கத்தினான். அவள் ஒரு எட்டு பின்னால் வைத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

ஏன் போட்டாள் என்று கேட்டால், பயம். வேறு ஒரு மண்ணும் இல்லை. நீங்களும் நானும் அங்கே நின்றிருந்தால் என்ன கிழித்திருப்போமோ தெரியாது. ஆனால் நின்றது அவள், போட்டதும் அவள். வெளியே கதவை உள்ளங்கையால் அறைகிற சத்தம் கேட்டது. அப்புறம் கம்பியின் சத்தம். காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், "சரக்கு ராக்கு மேல ஏறுனாரு, வழுக்கி வுழுந்துட்டாரு, நான் பாத்தேன்" என்று சாமிதுரை சொல்லிக்கொடுத்தபடியே சொல்லிக் கையெழுத்தும் போட்டாள்.

கொளஞ்சியின் பெண்டாட்டி கமலம் லேசில் விடுகிற பொம்பளை இல்லை. அவளும் அதே கம்பெனியில் சுடாத பச்சைச் சாமானைத் தேய்த்து வழிக்கிற வேலை செய்தவள்தான். அன்றைக்கு லீவு. புதிதாக மாற்றலாகி வந்த எஸ்.ஐ. ஜெயஸ்ரீயிடம் போய், "அந்த ஷெட்டுல கேமரா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் சாமிதுரைக்குக் கேமரா ஞாபகம் வந்தது. கேமரா படம் தெரிகிற டி.வி. எரிந்துபோய் மாசக்கணக்காகிறது. படம் தெரியவில்லை என்றால் பதிவும் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்தான் அந்த மகானுபாவன். பதிவெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு நாள் விடாமல் ஏறிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை உடைக்கவும் முடியாது. சூளையின் சூட்டுக் கணக்கு, பார்ட்டிகள் கொடுத்த டிராயிங் எல்லாம் அதில்தான். அதோடு, போலீஸ் வருகிற அன்றைக்குப் பெட்டி உடைந்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வரும். காலையிலேயே அவன் தனியாக உட்கார்ந்து அழித்துப் பார்த்தான். ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர் நடத்தியவன், கம்ப்யூட்டர் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைப்பு. ஆனால் இது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டம். இரண்டு தடவை வைரஸ் வந்து டிசைன் எல்லாம் பாழானதில் வெறுத்துப்போய், ராஜ்மோகன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற திட்டக்குடித் திருமாலைக் கூப்பிட்டு மாற்றிப் போட்டது. கேமரா பதிவெல்லாம் ரூட் என்கிற அட்மினிஸ்ட்ரேட்டரின் சொத்து. சாதாரண ஆள் போனால் ஃபோல்டரின் மேல் ஒரு பூட்டுப் படம் தெரியும். உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், அழிக்கப் போனால் உனக்கு அனுமதி இல்லை என்று சொல்லும்.

அனுமதி உள்ள வழி ஒன்று உண்டு. ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, ரூட்டாகத் திற என்று கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கும். சரியாக அடித்தால் வேறொரு ஜன்னல் திறக்கும், தலைமாட்டில் சிவப்பாக ஒரு பட்டையோடு. அந்த ஜன்னலுக்குள் எதைத் தொட்டாலும் தடையில்லை, கேள்வியில்லை. பாஸ்வேர்டு கம்பெனியில் வேல்விழிக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கச் சோம்பல்பட்டு, சின்ன வேலைக்குக்கூட அவள் அந்த ஜன்னலைத்தான் திறப்பாள். "யம்மா தாயி, அத எதுக்கெடுத்தாலும் தொறக்காத, ஒருநா எல்லாம் பூடப் போவுது" என்று திருமால் தலையில் அடித்துக்கொள்வார்.

"என்னாடி மரம் மாதிரி குந்தியிருக்கிற? தொற!"

வேல்விழி திறந்தாள். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அவளுக்கும் அது அழிந்தால் தேவலை என்றுதான் இருந்தது. அழிந்துவிட்டால் தாழ்ப்பாள் போட்டது யாருக்கும் தெரியாது. கமலம் அக்கா முகத்தைப் பார்க்கலாம். இந்த வேலையை விட்டு எங்கேயாவது போய்விடலாம்.

பன்னிரண்டாம் தேதி ஃபோல்டரில் மதியத்துக்கான பதிவுகள் இரண்டு இருந்தன. "ஓட்டிக் காட்டு. சரியான ஃபைலான்னு பாக்கணும்" என்றான். ஓட்டினாள். சத்தமில்லாத படம். கொளஞ்சி ஓடிவருகிறான். கதவில் ஒரு முகம் தெரிகிறது. கதவு மூடுகிறது. கொளஞ்சியின் கை கதவின் மேல் படார் படாரென்று விழுகிறது. பின்னாலிருந்து கம்பி வந்து அவன் தொடையில் இறங்குகிறது. கதவோடு கதவாகச் சரிகிறான். சரிந்தவனின் தலையைப் பார்த்து மறுபடி கம்பி.

வேல்விழி அதுவரைக்கும் இதைக் காதால்தான் கேட்டிருந்தாள். இப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள்.

பக்கத்தில் நின்ற சாமிதுரை சிரித்தான்.

"பாத்தியா? நீ மட்டும் அன்னிக்கி தாப்பா போடலன்னா, உள்ளார பூந்து தப்பிச்சிருப்பான் அந்த நாயி. நீ புத்திசாலி. இதுல நீயும் நானும் ஒண்ணுதான், தெரிஞ்சிக்க." அவள் தோளில் தட்டிக்கொடுத்தான்.

அந்தத் தட்டல் அவள் வாங்கப்போகிற எல்லா அடியையும்விட மோசமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் அவள் கை போய் அந்த ஜன்னலை மூடிவிட்டது.

"ஏன்டி மூடுன?"

"நான் அழிக்க மாட்டன் சார்."

"என்னா?"

"மாட்டன்."

பேச்சு அதோடு நின்றது. சாமிதுரை அவள் பின்மண்டையைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி கீபோர்டின் இடுக்கெல்லாம் இறங்கியது. "பாஸ்வேர்டு!" என்றான். அவள் தலையாட்டினாள். கன்னத்தில் அறைந்தான், இடது காது ஙொய்யென்றது. நாற்காலியோடு சாய்ந்து விழுந்தவளின் விலாவில் செருப்புக் காலால் உதைத்தான். வெளியே களிமண் அரைக்கிற மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தியது அந்தச் சத்தத்தில் கரைந்தே போனது. கதவுக்கு வெளியே ஆள் நடமாட்டம் கேட்டது. ஒருவரும் தட்டவில்லை. சாமிதுரை உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தால் யார் தட்டுவார்கள்?

"அடிச்சே கொன்னுப்புடுவன்டி. சொல்லு!"

"மாட்டன்."

தூக்கி நிறுத்தி, அவள் வலது கையைப் பிடித்து மேஜை டிராயருக்குள் திணித்தான். இழுத்துப் பிடித்துக்கொண்டு, டிராயரைக் காலால் உதைத்து மூடினான். ஒரு தடவை. இரண்டாவது தடவை. மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூன்றாவதற்கு அவன் காலைத் தூக்கியபோது, "அடிக்கிறன் சார், அடிக்கிறன், வுட்டுடுங்க" என்று கதறிவிட்டாள். அவளும் மனுஷிதானே, இரும்பா?

இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகப் பாஸ்வேர்டை அடித்தாள். சிவப்புப் பட்டை ஜன்னல் திறந்தது. அவளைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு சாமிதுரையே உட்கார்ந்தான். இரண்டு பதிவையும் நீலமாக்கி டெலீட் பட்டனை அமுக்கினான். இரண்டும் காணாமல் போயின. ஆனால் அவன் விவரமான ஆள் அல்லவா, எல்லாவற்றையும் மூடிவிட்டு நேராகத் திரையில் இருந்த குப்பைத்தொட்டியைத் திறந்தான். விண்டோஸில் அழித்தது அங்கேதானே போய்க் கிடக்கும்.

தொட்டி காலி.

"எங்கடி போச்சு?"

தரையில் கிடந்தவள் வாயில் இருந்த ரத்தத்தை விழுங்கினாள். "ரூட்டுல அழிச்சா தொட்டிக்குப் போவாது சார். அடியோட பூடும்."

"திரும்பி வராதே?"

"வராது."

அவன் ஒரு நிமிஷம் அவள் கண்ணையே பார்த்தான். மூக்கும் வாயும் வீங்கிக் கிடந்த முகத்தில் அவனுக்கு என்ன தெரியும்? நம்பிவிட்டான். கேமராவின் மேல் போட்ட துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "மூஞ்சக் கழுவு. படில வுழுந்துட்டன்னு சொல்லணும். வேற எதாச்சும் வாயத் தொறந்த, அடுத்தது நீ தாப்பா போட்ட கதைதான் வெளிய வரும்" என்று சொல்லிவிட்டு, மச்சானுக்குப் போன் போட்டுக்கொண்டே வெளியே போனான்.

அவள் சொன்னது வடிகட்டின பொய். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்பு வரை அவளே நம்பிக்கொண்டிருந்த பொய். பழைய பதிவுகளை அவள் சிவப்புப் பட்டை ஜன்னலில்தான் அழிப்பாள். தொட்டி எப்போதும் காலியாக இருக்கும். ஒருநாள் டிஸ்க்கில் இடமே இல்லை என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. திருமால் வந்து தோண்டிப் பார்த்தால், ஒரு வருஷத்துப் பதிவும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. ரூட்டாக இருந்து அழித்தால் நம் தொட்டியில் விழாது, ரூட்டுக்கென்று இருக்கிற தொட்டியில் விழும். அது ரூட்டின் ஃபோல்டருக்குள், கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. பிரௌசிங் சென்டர் வைத்த வித்துவானுக்கு இது எங்கே தெரியப் போகிறது.

வேல்விழி மேஜையைப் பிடித்து எழுந்தாள். மணி மூன்றரை. மறுபடி வலது கிளிக், மறுபடி பாஸ்வேர்டு. மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லி உள்ளே போனாள். கிடந்தன, இரண்டும். பக்கத்திலேயே எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு அழித்தது என்ற குறிப்பும் கிடந்தது.

இப்போது யாரும் அவளை மிரட்டவில்லை. ஷிஃப்டோடு சேர்த்து டெலீட்டை அமுக்கினால் உண்மையாகவே போய்விடும், திருமால் வந்தாலும் சாமான்யத்தில் எடுக்க முடியாது. சாமிதுரைக்குச் சொன்னது பொய்யாகவும் இருக்காது. கமலம் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. அக்காவின் கையால் எத்தனை நாள் சோறு வாங்கித் தின்றிருக்கிறாள். அவளுடைய இடது கைவிரல் ஷிஃப்டின் மேல் போய் உட்கார்ந்தேவிட்டது. அமுக்கவும் அமுக்கினாள். டெலீட்டுக்கு இன்னொரு விரல் போக வேண்டியதுதான் பாக்கி.

நீயும் நானும் ஒண்ணுதான் என்று அவன் தட்டிக்கொடுத்த தோள் இன்னும் அருவருத்துக்கொண்டிருந்தது. இதை அழித்தால் அவன் சொன்னது உண்மையாகிவிடும். சாகிற வரைக்கும் உண்மையாகவே இருக்கும். "தூ" என்று ரத்தத்தோடு காறித் தரையிலேயே துப்பிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. எஸ்.ஐ. ஜெயஸ்ரீ, இரண்டு போலீஸ்காரர்கள், பின்னாலேயே கமலம். பத்து நாளில் பாதியாக இளைத்திருந்தாள். ராஜ்மோகன் வெளியூரிலிருந்து அரக்கப்பரக்கக் காரில் வந்து இறங்கினார். சாமிதுரை எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டான். டீ சொல்லவா என்றுகூடக் கேட்டான்.

ஜெயஸ்ரீ வேல்விழியைப் பார்த்தார். "மூஞ்சில என்னம்மா?"

"படில வுழுந்துட்டா மேடம்" என்று முந்திக்கொண்டான் சாமிதுரை.

"உங்க கம்பெனியில எல்லாரும் வுழுந்துகிட்டே இருக்கீங்களே. தரைய மொதல்ல மாத்துங்க சார்" என்றார் ஜெயஸ்ரீ. ராஜ்மோகன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாமிதுரை தானே மௌஸைப் பிடித்தான். "அன்னிக்கி மத்தியானம் கரண்டு போயிட்டுது மேடம், பதிவே ஆவல. பாருங்க. அழிச்சிட்டமோன்னு நெனைப்பீங்க, அதுக்குத்தான் தொட்டியையும் காட்டுறன். காலி."

கமலம் அந்தக் காலித் தொட்டியையே வெறித்துப் பார்த்தாள். "கேமரா இருந்திச்சேம்மா" என்றாள். அதுவரைக்கும் அவளுக்கு இருந்தது அந்த ஒரே பிடிமானம்.

"மேடம், நான் ஒண்ணு காட்டணும்" என்றாள் வேல்விழி.

"நீ போயி மூஞ்சக் கழுவு" என்றான் சாமிதுரை.

"நீங்க தள்ளுங்க சார்" என்றார் ஜெயஸ்ரீ.

இடது கையால் மௌஸைப் பிடித்தாள். வலது கிளிக். பாஸ்வேர்டு. திரையின் தலைமாட்டில் சிவப்புப் பட்டை வந்தது. "இது ரூட்டோட தொட்டிங்க மேடம். அவுரு அழிச்சது இங்கதான் கெடக்குது. எப்ப அழிச்சாருன்னு நேரமும் இருக்குது, மூணு இருவத்திரண்டு. அழிக்கச் சொல்லித்தான் என்ன அடிச்சாரு. ஸ்டேஷன்ல நான் சொன்னதும் பொய்யிங்க."

சாமிதுரையின் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் ஒரே தாவு. நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்து அவள் கழுத்தைப் பிடித்தான். பிடி என்றால் அப்படியொரு பிடி, கட்டை விரல் இரண்டும் தொண்டைக் குழியில் புதைந்தன. அவள் கண் செருகியது. ஒரு போலீஸ்காரர் அவன் முடியைப் பிடித்து இழுத்தும் விடவில்லை. இன்னொருவர் லத்தியால் முழங்கைக்கு மேலே ஓங்கி ஒன்று போட்டார். கை கழன்றது. குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்து விலங்கு மாட்டும் வரைக்கும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான், அவள் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. ராஜ்மோகன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

இருமி இருமி மூச்சு வாங்கியதும் வேல்விழி படத்தை ஓட்டினாள்.

கமலம் திரைக்குக் கிட்டே போய் நின்றாள். அழவில்லை. புருஷன் ஓடிவருவதைப் பார்த்தாள். கதவில் ஒரு முகம் தெரிவதையும், கதவு மூடுவதையும் பார்த்தாள். அவன் கை கதவை அறைந்தது.

"நிறுத்துங்க" என்றாள்.

படம் நின்றது. கமலம் திரும்பினாள்.

"கதவச் சாத்துனது யாரு?"

முகம் அதில் அவ்வளவு தெளிவில்லை. யாரோ ஒரு பெண் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஜெயஸ்ரீயும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க்கா" என்றாள் வேல்விழி.

கமலத்தின் கை ஓங்கி இறங்கியது. களிமண் தேய்த்துத் தேய்த்துக் காய்ப்பேறிய கை. வீங்கியிருந்த கன்னம் கிழிந்து ரத்தம் வந்தது. இன்னொன்று. மூன்றாவதுக்கு ஜெயஸ்ரீ குறுக்கே வந்தார். "வுடுங்க மேடம்" என்றாள் வேல்விழி. கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை.

கமலம் தானாகவே நின்றாள். மூச்சிரைத்தது. முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேல்விழியைத் தாண்டி, கீழே குப்புறக் கிடந்த சாமிதுரையைத் தாண்டி, மறுபடி திரையின் முன்னால் போய் நின்றாள்.

"ஓட்டு. எத்தினி அடின்னு நான் பாக்கணும். பேச முடியாம கெடக்குறாரு, அவுருக்கு பதிலா நான்தான சொல்லணும்."

வேல்விழி இடது கையால் படத்தை ஓட்டிவிட்டாள். கமலம் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.